பதவி வரிசையில் பிசைந்த ஸ்கோன்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மிச்சமிருந்த ஒன்றை எங்கள் மண் பரிசோதனை நிலையம் கண்டுபிடித்தது. அதன் பெயர் 'கூட்டு மகிழ்ச்சி'. வடிவம், ஏறக்குறைய வட்டம். நிறம், இளஞ்சாம்பல். கடினத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த மகத்தான கண்டுபிடிப்பில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஒரு திங்கட்கிழமை வீட்டில் ஸ்கோன் சுட்டு டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். ஸ்கோன் என்பது பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் பிறந்த பிள்ளை. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெத்து. எனக்கு நாலு பேரிடம் பேசுவதைவிட டப்பாவை நீட்டுவது சுலபம். இயக்குநர் ஒன்றை எடுத்துக் கடித்துக் கண்ணை மூடினார். கூட்டங்களில் அவர் கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன். சாப்பிடும்போது மூடியது அன்றுதான்.

"யாரும்மா பண்ணது?"

"நான்தான் சார்."

"ரொம்பக் கஷ்டமோ?"

"இல்ல சார். மைதா, பேக்கிங் பவுடர், வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, பால். இருபது நிமிஷத்துல ஆயிடும். அடுப்பு நல்லா சூடா இருக்கணும். மாவ மட்டும் அதிகமாத் தொடக் கூடாது. கை படப் படக் கல்லாயிடும்."

"ஆகா, எளிமை!" என்றார் இயக்குநர். அந்தச் சொல்லை அவர் உச்சரித்த அழகிலேயே, இனி அது எளிமையாக இருக்கப்போவதில்லை என்று நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தலைமையகத்திலிருந்து 'மகிழ்ச்சி ஆய்வாளர்' வருவதாக இருந்தது. பணியிட மகிழ்ச்சிப் பட்டியலில் போன வருடம் நாங்கள் கடைசி. எங்களுக்கு ஒரு இடம் முன்னால் பிணவறை இருந்தது. அங்கே ஊழியர்கள் வாராவாரம் சேர்ந்து பாட்டுப் பாடுகிறார்களாம். இந்த அவமானத்தை இயக்குநர் ஒரு வருடமாக நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தார். அன்றே கூட்டம் கூடியது. 'எளிய வீட்டு ஸ்கோன்' திட்டம் நிறைவேறியது. நிலையம் முழுவதும் சேர்ந்து ஒரே மாவிலிருந்து ஸ்கோன் சுட்டு ஆய்வாளருக்குப் படைக்க வேண்டும். அதுவரை மற்ற 'சில்லறை வேலைகள்' நிறுத்திவைக்கப்படும்.

மற்ற சில்லறை வேலை என்பது மண்ணைப் பரிசோதிப்பது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் தோட்டக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். நகரத்து எல்லையில் புதிதாக ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். கையில் ஒரு பை ஈர மண்.

"தக்காளி நாத்து தட்டுல நின்னு ஏங்குது, கண்ணு. இந்த வாரத்துக்குள்ள நடலன்னா வளைஞ்சு போயிரும். மண்ணுல உப்பு இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லிரு. போன தடவ வேற நிலத்துல கேக்காம நட்டேன். அத்தனையும் கருகிப் போச்சு. இந்தத் தடவையும் போச்சுன்னா நான் குத்தகைய விட்டுட்டு யார் வீட்லயாவது பாத்திரம்தான் தேய்க்கணும்."

"நாளைக்கு வாங்கம்மா" என்றேன். மண்ணைத் தட்டில் பரப்பி உலர்த்தும் அடுப்பில் வைத்தேன். காய்ந்தால்தான் சோதிக்க முடியும். சோதனை பெரிய வேலை இல்லை. ஸ்கோன் மாதிரிதான்.

மறுநாள் காலை மாவு புறப்பட்டது. 'புறப்பட்டது' என்பதைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் எதுவும் நேராக மேலே போவதில்லை. ஒவ்வொரு மேசையிலும் இறங்கி, ஒவ்வொரு கையையும் தொட்டுத்தான் போகும். காகிதத்துக்கு ஒரு நீதி, மாவுக்கு ஒரு நீதி என்று பாரபட்சம் காட்டும் பழக்கம் எங்களிடம் கிடையாது.

நான் வெண்ணெயை மாவில் உதிர்த்து, பால் ஊற்றி, லேசாகச் சேர்த்துக் கிண்ணத்தை வைத்தேன். தலைமை எழுத்தர் அக்கா வளையலைக் கழற்றினார்.

"அக்கா, போதும். இதுக்கு மேல தொட வேண்டாம்."

"நல்லா இருக்கே! நான் தொடாம மேல அனுப்பி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீயா?"

பிசைந்தார். பொறுப்போடு பிசைந்தார். அடுத்து கணக்கர்.

"அக்கா பிசைஞ்சது சரியா இருக்கான்னு நான் ஒரு தடவ பிசைஞ்சு பாத்தாத்தானே தெரியும்?" என்றார்.

"என்ன, என்மேல சந்தேகமா?"

"சந்தேகம் உங்க மேல இல்லக்கா. மாவு மேல."

துணை இயக்குநர் பல் வைத்தியரிடம் போயிருந்தார். அவர் வரும்வரை மாவு அவர் மேசையில் ஒரு பேப்பர் வெயிட்டின் கீழ் காத்திருந்தது. வந்தார், பிசைந்தார், "கெட்டியாக உள்ளது, காரணம் கூறவும்" என்று சீட்டு எழுதி மாவின்மேல் ஒட்டிக் கீழே அனுப்பினார். கணக்கர் காரணம் தேடிப் பிசைந்தார். அக்கா தன்மேல் தவறில்லை என்று நிரூபிக்கப் பிசைந்தார். என்னையும் ஒரு முறை பிசையச் சொன்னார்கள்; யாரையும் ஒதுக்கக் கூடாதாம். மாவு மறுபடி மேலே ஏறியது. கடைசியில் இயக்குநர் கோட்டைக் கழற்றிவிட்டு முஷ்டியால் இரண்டு குத்து குத்தினார். குத்தியவருக்குத்தான் வலித்தது.

"பாருங்க, என்ன உறுதி!" என்று கையை உதறிக்கொண்டே சொன்னார். எல்லோரும் கைதட்டினோம்.

அடுத்தது அடுப்பு. நிலையத்தில் இருந்தது ஒன்றுதான். தோட்டக்காரம்மாவின் மண் தட்டை வெளியே எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தார்கள். அன்று தூறல். அது ஒழுகும் ஜன்னல். கொண்டுவந்தபோது இருந்ததைவிட மண் இப்போது இன்னும் ஈரமானது.

அடுப்பின் திருகில் நூற்றைந்து டிகிரியைத் தாண்டக் கூடாது என்று முத்திரை வைத்திருந்தது. மண்ணுக்கு அது போதும்.

"சார், ஸ்கோனுக்கு இருநூத்தி இருபது வேணும்" என்றேன். என் குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

"பாதி சூடுன்னா ரெட்டிப்பு நேரம் வெச்சாப் போச்சு. கணக்கு சரியாயிடும்ல?" என்றார் இயக்குநர்.

வெப்பவியலில் இப்படி ஒரு விதி இருப்பது தெரியாமலே நான் பட்டம் வாங்கியிருந்தேன். ஸ்கோன்கள் உள்ளே போயின. ரெட்டிப்பு நேரம் ஆனது. நான்கு மடங்கும் ஆனது. வெள்ளிக்கிழமை காலைவரை அவை உள்ளேயே இருந்தன. ஸ்கோன்கள் வேகவில்லை, உலர்ந்தன. மண்ணை உலர்த்துவதில் எங்கள் அடுப்புக்கு இருந்த நெடுங்கால அனுபவம் வீண்போகவில்லை.

தோட்டக்காரம்மா நான் சொன்னபடி அன்றே வந்தார். மறுநாளும் வந்தார். மூன்றாவது முறை இயக்குநரே அவரிடம் பேசினார்.

"அம்மா, நாங்க சந்தோஷமா இருந்தாத்தானே உங்க மண்ணச் சந்தோஷமாப் பாக்க முடியும்?"

"நீங்க சோகமாப் பாத்தாலும் பரவால்லங்க ஐயா. பாத்தாப் போதும்."

இயக்குநர் பெரிதாகச் சிரித்தார். அதை ஒரு 'நகைச்சுவைப் பரிமாற்றம்' என்று மகிழ்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். சிரித்த முகம், அதுதான் அவருடைய வேலை. வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஸ்கோன்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துக் கடித்தார். டக் என்று ஒரு சத்தம். துணை இயக்குநர் தன் பல் வைத்தியரின் அட்டையைச் சட்டைப்பையில் தேடினார்.

ஆய்வாளர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். பிறகு ஸ்கோனை இரண்டாக உடைக்கப் பார்த்தார். முட்டியில் வைத்துப் பார்த்தார். முடியவில்லை.

"இதுல எத்தன பேர் கை பட்டிருக்கு?" என்று கேட்டார்.

"எல்லார் கையும் சார்!" என்றார் இயக்குநர். "ரெண்டு தடவ!"

"அதான் பாத்தேன்" என்றார் ஆய்வாளர். அவர் கண் கலங்கியிருந்தது. பல்லால்தான் என்று நினைத்தேன். இல்லை. "எத்தனையோ அலுவலகம் பாத்துட்டேன். பிரிக்கவே முடியாத ஒத்துமைய இன்னைக்குத்தான் கையில புடிச்சுப் பாக்குறேன்."

முதலிடம் எங்களுக்கு. பிணவறை இரண்டாமிடம். அக்கா கணக்கரைக் கட்டிக்கொண்டு அழுதார். இயக்குநர் ஆனந்தத்தில் வாசலுக்கு வந்து, அங்கே நின்ற தோட்டக்காரம்மாவின் கையில் ஒரு ஸ்கோனைக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டு, குழுப் புகைப்படத்துக்கு மொட்டைமாடி ஏறினார். என்னைத் தவிர எல்லோரும் பின்னாலேயே ஏறினார்கள்.

தோட்டக்காரம்மா காகிதத்தைப் பிரித்தார். எடை பார்த்தார். நகத்தால் கீறினார். வாசல்படியில் தட்டினார். முகம் வாடிவிட்டது.

"ஐயோ பாவமே. இது யாரு நிலம், கண்ணு?"

"அம்மா..."

"இதுல புல்லு கூட முளைக்காதே. அந்த ஆளுக்குப் புள்ள குட்டி இருக்கா?"

"அது மண்ணு இல்லம்மா. தின்பண்டம்."

என்னைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். அப்ப என் மண்ணு?"

ஜன்னல் திட்டில் தட்டு இருந்தது. அங்கே வைத்ததிலிருந்து நிலையத்தின் ஒரு கையும் படாத பொருள் அது ஒன்றுதான். மாடியில் "எல்லாரும் சிரிங்க!" என்று குரல் கேட்டது. அடுப்பு காலியாக, இன்னும் சூடாக இருந்தது.

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால்தான் பேச வேண்டியிருக்குமே. மண்ணை மெல்லியதாகப் பரப்பி உள்ளே வைத்தேன். மாடியில் விருந்து சாயங்காலம்வரை நீண்டது. மண் காய்ந்தது. தண்ணீரில் கலந்து, வடிகட்டி, உப்பு அளக்கும் கருவியின் முனையை விட்டுப் பார்த்தேன்.

"உப்பு இருக்கும்மா. இப்ப நட்டா கருகிடும். ஆனா நிலம் கெட்டுப் போகல. நல்ல தண்ணிய நிறையக் கட்டி, வடிய விட்டுட்டு நடுங்க. நாத்து ரெண்டு மூணு நாள் தாங்குமா?"

"தாங்க வெச்சுருவேன்" என்றார். முகம் அப்படியே மலர்ந்தது. போகும்போது ஸ்கோனை ஞாபகமாக எடுத்துக்கொண்டார். கதவு காற்றில் அடித்துக்கொள்கிறதாம், முட்டுக் கொடுக்க ஆகுமாம்.

அவர் வெளி கேட்டைத் தாண்டியிருக்க மாட்டார். அதற்குள், மாடியிலிருந்து இறங்கும்போது அடுப்பைப் பார்த்துவிட்ட இயக்குநரிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்துவிட்டது. 'மகிழ்ச்சிப் பணிக்கென ஒதுக்கப்பட்ட அடுப்பில் அனுமதியின்றி மண்ணை உலர்த்தியது ஏன்? உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

காகிதம் கசங்கவே இல்லை. அக்காவின் குறிப்பு இல்லை, கணக்கரின் சந்தேகம் இல்லை, துணை இயக்குநரின் சீட்டு இல்லை. இயக்குநர் மேசையிலிருந்து நேராக என் மேசைக்கு வந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். அச்சு இயந்திரத்தின் சூடு இன்னும் ஆறவில்லை.

அதிகம் கை படாமல், சூடாக, இருபது நிமிடத்தில் ஒன்றைச் செய்து முடிக்க எங்கள் அலுவலகத்துக்குத் தெரியாது என்று இத்தனை நாள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே தெரிகிறது. யாராவது வேலை செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.