லொறியில் ஏற வேண்டியவர்

பெண் பார்க்கப் போகிறவனுக்குப் பெண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. எனக்குப் பெற்ற அப்பாவே படவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில், மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று பெண் வீடு. ஏறும் வழியில் அப்பா வளைவுக்கு வளைவு நின்றார். "கொழுந்து நல்லா வந்திருக்கில்ல?" என்று தேயிலையைப் புகழ்ந்தார். நடுவில் தாடையைத் தடவினார், இடது கையை உதறினார். பல்வலி என்று நினைத்தேன். (எனக்கு இரவல் கோட்டு கசங்கக் கூடாதே என்ற கவலை.)

பேச்சு முடியும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் முறை. தண்ணீர் நீட்டியும் அப்பா வாங்கவில்லை, வாயும் திறக்கவில்லை. பெண்ணின் தாய்மாமனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"மாப்பிள்ளையோட அப்பாவுக்கு எங்களப் பிடிக்கல போல."

சம்பந்தம் கைநழுவுகிறதே என்று அப்பாவின் விலாவில் முழங்கையால் இடித்தேன். "பேசுங்கப்பா!" (நெஞ்சு நோய்க்கு நான் செய்த முதலுதவி அதுதான்.)

வெற்றிலைத் தட்டோடு வந்த பெண், செல்லம்மா, என்னைப் பார்க்கவே இல்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் நெற்றியைத் தொட்டாள்.

"இந்தக் குளிர்ல மாமாவுக்கு இப்பிடி வேர்க்குதே! எங்க அப்பாவுக்கும் இப்பிடித்தான் வேர்த்துச்சு. வாயுன்னு கசாயம் குடுத்துட்டு உக்காந்திருந்தோம், போயிட்டாரு. மாமா, நெஞ்ச அடைக்குதா?"

அப்பா தலையாட்டினார். அதைப் பார்த்து நான் மயங்கி விழுந்தேன்.

கண் விழித்தபோது கொழுந்து லொறியில் சாக்குகளின் மேல் கிடந்தேன். விழுந்தவன்தானே நோயாளி என்று லயமே சேர்ந்து என்னைத் தூக்கி வந்திருந்தது. கீழே செல்லம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"அவர இறக்குங்க! அவருக்கு வெறும் பயம். மாமாவத் தூக்கி ஏத்துங்க, நடக்க விடாதீங்க!"

இறக்கினார்கள். அப்பாவைத் தாங்கிப் பிடித்தபடி அவளும் அவள் தாய்மாமனும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் அழுதுகொண்டே லொறியின் பின்னால் ஓடினேன். கோட்டு கிழிந்துபோனது.

"இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா..." என்று டாக்டர் ஐயா முடிக்காமல் விட்டார்.

அப்பா பிழைத்தார். கல்யாணமும் நடந்தது. எனக்கும் செல்லம்மாவுக்கும் எந்தச் சண்டை வந்தாலும் அவர் என் பக்க நியாயத்தைக் கேட்டதே இல்லை. "உன்ன இறக்கிட்டு என்ன ஏத்துனவடா அவ!" என்பார்.

பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டுத்தான் அவர் போனார். இப்போது நான் சற்றுக் குரலை உயர்த்தினால், "அப்பாவ இறக்குங்க!" என்று பிள்ளைகள் கத்துகிறார்கள். செல்லம்மா மட்டும் சிரித்துக்கொண்டே வந்து, வேர்த்திருக்கிறதா என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.