ஒற்றைக் கறுப்பு உருண்டை

ராஜபாளையத்தில் பருத்தி அரவை ஆலை வைத்திருந்த ராஜரத்தினத்துக்கு, மனைவியின் கை எட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேசன் லாட்ஜ் என்ற ஆண்கள் சங்கம். யுத்தத்துக்கு வெகுகாலம் முந்தி ஒரு ரயில்வே துரை தொடங்கி வைத்தது. உள்ளே நடப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தவருக்கே கதவு திறக்கும். சத்தியத்தை மீறினால் தலை போகும் என்று நினைத்து ஊரார் அதற்குத் தலைவெட்டிக் கோயில் என்று பெயர் வைத்திருந்தார்கள். பாவம், அவர்கள் யார் தலையையும் வெட்டவில்லை. காலரா வந்தால் கஞ்சி ஊற்றினார்கள், வாடைக்காலத்தில் கம்பளி கொடுத்தார்கள். இந்த வருஷம் ஒரு கிணறு வெட்டுவதாக இருந்தார்கள்.

எந்த ஊரில்? சண்டை அங்கேதான் ஆரம்பித்தது.

"நான் பொறந்த வன்னியம்பட்டியில வெட்டுங்க. பொம்பளைக குடத்தத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடக்காக தெரியுமா?" என்றாள் மனைவி பரிபூரணம்.

"கிருஷ்ணன்கோவில்லதான் வெட்டணும்."

"அங்கதான் ஏற்கெனவே கிணறு கெடக்கே!"

"இன்னொண்ணு இருந்தா கசக்குமாக்கும்?"

"உங்க பருத்தித் தோட்டத்துக்குக் கசக்காது."

ராஜரத்தினம் இருமினார். தர்மக் கிணற்றுக்குப் பக்கத்தில் தன் தோட்டம் வந்து உட்கார்ந்தால் அவர் என்ன செய்வார்?

"ஏட்டி, லாட்ஜு காரியத்துல பொம்பளைக தலையிட ஏலாது. அங்க ஓட்டே ரகசியம்," என்றவர், சத்தியத்தை மறந்து தானே விளக்கினார். "பெட்டிக்குள்ள கைய விட்டு, வேணும்னா வெள்ளை உருண்டை, வேண்டாம்னா கறுப்பு. எது கூடயோ அதுதான் முடிவு. யாரு எதப் போட்டாகன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

"அப்படியா?" என்றாள் பரிபூரணம். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

பயப்படாமல் உறுப்பினர் வீடுகளுக்கு ஏறி இறங்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். "கிருஷ்ணன்கோவிலுதான் சரி, அண்ணாச்சி. என் உருண்டை உங்க பக்கம்," என்றார் டாக்டர் தவசிமுத்து.

சனிக்கிழமை சாயங்காலம் லாட்ஜ் கூடியது. தலைவர் வன்னியம்பட்டியை முதலில் ஓட்டுக்கு விட்டார். ராஜரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டு கறுப்பைப் போட்டார். பெட்டியைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. நடுவில், வெண்பொங்கலில் கிடக்கும் மிளகுபோல ஒரே ஒரு கறுப்பு.

கனவான்கள் அத்தனை பேரும் முகட்டைப் பார்த்தார்கள். தவசிமுத்து தன் செருப்பைப் பார்த்தார்.

"தர்ம காரியத்துல கறுப்பு போட்டது யாருய்யா?" என்று ராஜரத்தினமே எழுந்து கோபப்பட்டார். வேறு என்ன செய்ய?

வீட்டுக்கு வந்ததும் பரிபூரணம் இலை போட்டாள். சோற்றை வைத்துக்கொண்டே, "கறுப்பு ஒண்ணுதான விழுந்துச்சு?" என்றாள்.

ராஜரத்தினம் இலையை விட்டு நிமிர்ந்தார். "உனக்கு யாருட்டி சொன்னா?"

"சொல்லணுமாக்கும்? லாட்ஜுக் கஞ்சின்னு பேரு உங்களுக்கு. அடுப்புல வேகுறது நாங்கல்லா? போன வாரம் கஞ்சி காய்ச்சும்போதே பேசி முடிச்சாச்சு. அவிய அவிய வீட்டுல அவிய அவிய சொல்லிட்டாக."

அவருக்கு அழுகையே வந்தது. "அப்ப எங்கிட்ட மட்டும் ஏன் சொல்லல?"

"எல்லாமே வெள்ளையா விழுந்தா, பொம்பளைக வேலைன்னு தெரிஞ்சுபோகும்லா? பேருக்கு ஒரு கறுப்பு வேணும்னு டாக்டர் வீட்டு ஜெயபாய்தான் சொன்னா," என்று குழம்பை ஊற்றினாள் பரிபூரணம். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்குன்னு நான்தான் ஏத்துக்கிட்டேன்."