வலது காலின் வீரப் பயணம்

மல்லர்கள் மலிந்த கோலாப்பூரில் பிறந்தும், மாடிப்படி ஏறுகையில் கைப்பிடியைக் கட்டித் தழுவுகிறவன் நான் என்பதை என் மனைவி விஜயமாலா தெருவுக்கே தெரிவித்திருந்தாள். ஆகவே, ஓய்வுபெற்ற இக்கால்களை எஃகாக்குவதென்று தீர்மானித்தேன். இரு கைகளிலும் எடை ஏந்தி, ஒரு காலை நீள எட்டி வைத்து, பின்முட்டி தரையைத் தொடுமளவு தாழ்ந்து எழவேண்டும். ஒற்றைக் காலே உடலைத் தாங்கப் பழகுமாம். முன்முட்டி பெருவிரலைத் தாண்டலாகாது. எனவே பார்வையும் பெருவிரலைவிட்டு அகலலாகாது.

இதில் ஓர் அரசியலும் இருந்தது. தீபாவளிக்குச் சுடும் சக்லி முறுக்குக்காக வறுத்த தானியத்தை மாவு மில்லுக்கு யார் சுமப்பது என்று ஆண்டுதோறும் எங்களிடையே போர் மூளும். பயிற்சியில் இருப்பவன் வீட்டுச் சுமை தூக்கினால் தசை கெட்டுவிடும் என்று அறிவித்தேன். விஜயமாலா மறுக்கவில்லை. எடைக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்று மட்டும் கேட்டாள். இரும்புக் குண்டுகள் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

"இரும்பு எதுக்குங்க? கைப்பிடி வச்ச டப்பா ரெண்டு நிறைஞ்சுதான் இருக்கு. ஒண்ணுல கோதுமை, ஒண்ணுல சக்லி தானியம். தசைக்கு உள்ள இருக்கிறது தெரியவா போகுது?"

முற்றத்தில் தொடங்கினேன். இடது கால் கோழை. ஆதலால் வலது காலையே முன்வைத்தேன். திரும்பும்போதெல்லாம் முட்டி முனகியது. திரும்பாமல் நேரே போனால் நோகாதே என்று பரிவுடன் கூறி, அவள் வாசற்கதவைத் திறந்துவிட்டாள். எனக்கு முன்னே நடந்து வழியும் விலக்கினாள்.

"ஒதுங்குங்க, பயில்வான் வர்றாரு."

எதிர்வீட்டு ஆக்காத்தாய் இந்த வயதில் இப்படியொரு காலா என்று வியந்தது காதில் விழுந்தது. புகழ் பொல்லாதது, சந்து முடிந்ததையும் கவனிக்கவில்லை. திடீரென்று என் பெருவிரல் வெளுத்தது. அடுத்த எட்டில் மேலும் வெளுத்தது. தலை நிமிர்ந்தேன். மாவு மில்.

"வாங்கண்ணே," என்றார் மில்காரர் பாபாசோ. "அண்ணி காலையிலேயே வந்து வரிசையில உங்களுக்கு இடம் சொல்லி வச்சிட்டாங்க."

அரைத்து முடிந்தது. சூடான டப்பாக்களை மனைவியின் பக்கம் நகர்த்தி, எஞ்சிய கௌரவத்துடன் சொன்னேன்:

"என் பயிற்சி முடிஞ்சாச்சு. இனி நீ தூக்கு."

"முடிஞ்சது வலது காலுக்குத்தாங்க," என்றாள். "இடது கால் இனிமேதானே ஆரம்பிக்கணும்?"