மோப்பம் முகர்ந்து பார்த்த கம்ப்யூட்டர்

காஞ்சிபுரத்தில் ரிப்பேர்காரர் மோப்பம் மூக்கை வைக்காத கம்ப்யூட்டர் ஒன்று உண்டென்றால், அது இன்னும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

பெற்றோர் வைத்த பெயர் என்னவோ, பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் தெரியாது. ரிப்பேருக்கு வந்தால் மனிதர் ஸ்க்ரூடிரைவரை எடுக்கமாட்டார். பெட்டியின் பின்னால் மண்டியிட்டு முகர்வார். எதிர்வீட்டில் ஒருமுறை ஐந்து நிமிடம் முகர்ந்துவிட்டு, "கம்ப்யூட்டர் நல்லாதான் இருக்குதும்மா. அடுப்புல சாம்பார்தான் அடிபிடிக்குது" என்றார். இரண்டும் உண்மை.

பேத்தி கல்யாணத்துக்கு நாற்பத்தொரு நாள் இருக்கையில் என் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டது. முகூர்த்தப் புடவைக்கு நான் வரைந்த கரை டிசைன், பன்னிரண்டு வருடத்து டிசைன்களோடு ஒரே மூட்டையாக வெளி டிஸ்கில் இருந்தது. மூட்டை முழுவதும் புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் இறங்கினால்தான் பிரிக்க முடியும். டிசைனைத் தறிக்கான துளை அட்டையாக அடித்துத் தருபவரோ புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே மாலை ஐந்துக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பதினைந்து நாள் வெளியூர் போகிறார். தவறினால் நெய்ய நாள் போதாது; புடவை இல்லை.

காலை பத்துக்கு டிஸ்கைச் செருகினேன். 'இன்னும் எட்டு மணி நேரம்' என்றது திரை. மோப்பத்துக்கு ஏழு முறை போன் செய்தேன். பன்னிரண்டுக்கு வந்தார். மண்டியிட்டார். முகர்ந்தார்.

"வாத்யாரே, பூஜை போட்டீங்களா?"

புது இயந்திரத்தைப் பொட்டில்லாமல் ஓட்டுவார்களா? முன்னால் மூன்று, பக்கத்துக்கு இரண்டிரண்டு, பின்னால் நான்கு. ஆக மொத்தம் பதினோரு சந்தனப் பொட்டு என்றேன்.

"பின்னாடி வெச்சதுல ஒண்ணு நீல ஓட்டைக்குள்ள பூந்துக்கினு இருக்குது. அதுலயே டிஸ்க்கையும் சொருவி வெச்சிருக்கீங்க. உள்ள ஒம்பது கம்பி. நாலுதான் வேலை செஞ்சிக்கினு இருக்குது. வேகமா ஓடுற அஞ்சும் சந்தனம் பூசிக்கினு மாப்பிள்ளையாட்டம் உக்காந்துக்கினு இருக்குது!"

சொல்லிக்கொண்டே ஓட்டத்தை நிறுத்திவிட்டார்.

"ஐயோ, ரெண்டு மணி நேரம் ஓடினது போச்சேப்பா!"

"போவட்டும் வாத்யாரே. கொஞ்ச நேரம் எதையும் எண்ணாம இருங்க."

மின்சாரத்தை அணைத்து, பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துக் குடைந்தார். ஒன்பது குச்சி மஞ்சளாகின. ஈரம் உலர்ந்ததும் மறுபடி செருகினார். 'இன்னும் இரண்டு மணி நேரம்.' நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன்.

அந்த இரண்டு மணி நேரமும் அவர் போகவில்லை. மூட்டையைப் பிரித்து டிசைனை எடுத்ததும் என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், நாலேகாலுக்கு அட்டை அடிப்பவர் முன் இறக்கினார்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் பத்திரிகையை ஏகாம்பரநாதர் சன்னதியில் வைத்தேன். கூடப்பிறந்த தம்பி கோபித்துக்கொண்டாலும் சரி என்று, இரண்டாவதை எடுத்துக்கொண்டு மோப்பம் வீட்டுக்கு நடந்தேன்.