நாற்பது நிமிஷமும் ஒரு மொட்டையும்

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் சாமியிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதுவும் நேரடியாக இல்லை, மாமியார் மூலமாக. நான் அவரிடம் சொன்ன பொய்யை அவர் அப்படியே நம்பி, கற்பூரம் ஏற்றி, தன் பங்குக்கு ஒரு வாக்குறுதியையும் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். மேலிடத்திலிருந்து பதிலும் வந்தது. அது என் தலையில்தான் வந்து விடிந்தது.

நான் வீட்டில் உட்கார்ந்து ரவிக்கை தைப்பவள். திண்டுக்கல்லில் எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் எந்தப் பெண்ணுக்கு எந்த வருஷம் எத்தனை இஞ்ச் ஏறியது என்பது என் நோட்டில் இருக்கிறது. (பயப்படாதீர்கள், யாரிடமும் சொல்ல மாட்டேன். கேட்டால் மட்டும்தான் சொல்வேன்.) ஊரை அளந்த டேப்பால் என்னை அளக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. முப்பத்தெட்டு வயதில் என் சொந்த ரவிக்கையை மூன்றாவது முறையாகப் பிரித்தபோது, விட்டுத் தைக்க உள்ளே துணியே மிச்சமில்லை. அப்புறம்தான் டாக்டரிடம் போனேன்.

அந்த டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சர்க்கரை வாசல்ல வந்து நிக்குது. உள்ள விடுறதும் விடாததும் உங்க கையிலதான் இருக்கு. தினம் காலையில நாப்பது நிமிஷம் வேகமா நடங்க. ஆறு மாசம் பாப்போம். இல்லைன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான்."

என் அம்மாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கால்விரல்கள் போயின. அதனால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. நாற்பது நிமிஷம்தானே, கொஞ்சம் முன்னால் எழுந்தால் முடிந்தது என்று நினைத்தேன். அன்றைக்கு என் அறிவு அவ்வளவுதான்.

நாலே முக்காலுக்கு அலாரம் வைத்தேன். முதல் நாள் அது அடித்ததும் என் கணவர் பதறி எழுந்து உட்கார்ந்தார். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைங்க. வாக்கிங் போறேன்."

"ஓ" என்று படுத்தவர் போர்வைக்குள் இருந்தபடியே, "எந்திரிச்சதுதான் எந்திரிச்ச, ஒரு காப்பியப் போட்டு பிளாஸ்க்ல ஊத்தி வச்சிட்டுப் போயேன்" என்றார். அவர் எழுந்திருப்பது ஆறரைக்கு.

காப்பியைப் போட்டு வைத்துவிட்டு கேன்வாஸ் ஷூவோடு வாசலுக்கு வந்தால் மாமியார் நிற்கிறார். "எந்திரிச்சிட்டியா? நல்லதாப் போச்சு. கொழாயில தண்ணி வருதான்னு செத்த நேரம் நின்னு பாரு." எங்கள் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை, எத்தனை மணிக்கு வரும் என்பது ஜோசியருக்கும் தெரியாது. நின்று பார்த்தேன், வரவில்லை. வராத தண்ணீருக்காக ஷூ போட்டுக்கொண்டு நாற்பது நிமிஷம் குழாயடியில் நின்றேன். மறுநாள் தண்ணீர் வந்துவிட்டது. அது இன்னும் மோசம்.

ஒரு வாரத்தில் எனக்கு விஷயம் புரிந்தது. முன்பு நான் ஐந்தரைக்கு எழுந்தேன், வேலை ஐந்தரைக்குத் தொடங்கியது. இப்போது நாலே முக்காலுக்கு எழுகிறேன், வேலையும் நாலே முக்காலுக்குத் தொடங்குகிறது. நான் கண்விழித்துச் சம்பாதித்த முக்கால் மணி நேரத்தை வீடு எடுத்துக்கொண்டது. "அத்தை, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "இம்புட்டுப் பெரிய வீட்டுக்குள்ள நடக்காததையா வெளிய போயி நடக்கப் போற? குனிஞ்சு நிமிந்து கூட்டிப் பெருக்கு, ஒடம்பு தன்னால குறையும்" என்றார். எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு கூடமும்.

ஒன்பதாம் நாள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பூனை மாதிரி பின்வாசல் வழியாக வெளியேறினேன். பெரிய ரோடு வரைக்கும் போய் மைதானத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பினேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிந்திருக்கவில்லை. விடியற்காலையில் ஒரு ஆண் கையை வீசிக்கொண்டு வேகமாகப் போனால் அது வாக்கிங். கையில் குடமோ கூடையோ பையோ இல்லாமல் ஒரு பெண் அதே வேகத்தில் போனால் அவள் கோபித்துக்கொண்டு போகிறாள் என்று அர்த்தம். எதிர்வீட்டு லட்சுமி அக்கா வாசல் தெளிக்கும்போது என்னைப் பார்த்திருக்கிறார்.

நான் திரும்பி வந்தபோது பாதித் தெரு எங்கள் வாசலில் நின்றது. கணவர் லுங்கியோடு, கையில் பைக் சாவியோடு நின்றார். மாமியார் படியில் உட்கார்ந்து, "நான் ஒண்ணுமே சொல்லலையே, தண்ணியத்தானே பிடிக்கச் சொன்னேன்" என்று ஊருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சித்தையன்கோட்டையில் இருக்கும் என் அண்ணனுக்கு போன் போய், அவன் நாலு பேச்சுப் பேசித் தீர்ப்பதற்காகக் கிளம்பியும்விட்டான்.

"எங்கடி போன?" என்றார் மாமியார்.

வாக்கிங் போனேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்க வேண்டும். தன் கால்விரலைக் காப்பாற்றிக்கொள்ள நடந்தவள் எதற்குக் கூச வேண்டும்? ஆனால் அத்தனை முகங்களைப் பார்த்ததும் ஏதோ திருடிவிட்டு மாட்டியவள் மாதிரி எனக்கு வியர்த்தது. வாய் தானாகவே சொன்னது: "கோயிலுக்குத்தான் அத்தை. ஒரு வேண்டுதல்."

மாமியார் எழுந்து நின்றார். "எந்தக் கோயிலு?"

"அரசமரத்துப் பிள்ளையாரு."

"எத்தனை சுத்து?"

"நூத்தியெட்டு."

"எம்புட்டு நாளைக்கு?"

"நாப்பத்தெட்டு நாளு."

(அந்த நாக்கை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. பொய் என்று ஆன பிறகு எதற்குச் சிக்கனம்? வருஷம் பூராவும் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.) ஷூ போட்டுக்கொண்டு எவளாவது பிள்ளையாரைச் சுற்றுவாளா என்று ஒருவரும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்த என் அண்ணன், சண்டை எதுவும் இல்லை என்று தெரிந்து ஏமாற்றத்தோடு காப்பி குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் நாலே முக்காலுக்கு எழுந்தேன். குளியலறையில் எனக்கு வெந்நீர் தயாராக இருந்தது. போட்டு வைத்தவர் என் மாமியார். கல்யாணமாகி வந்த பதினான்கு வருஷத்தில் அந்தக் கைகள் எனக்காக அடுப்பைப் பற்ற வைத்தது அன்றைக்குத்தான். "குழாயை நான் பாத்துக்குறேன், நீ போயிட்டு வா தாயி" என்றார். என் உடம்புக்காக என்று சொன்னபோது ஒரு வாளியைக்கூட நகர்த்தாத வீடு, சாமிக்காக என்றதும் வரிசையில் நின்று வழி விட்டது. அன்றைக்கு எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அரசமரத்துப் பிள்ளையாரைச் சுற்றி நூற்றெட்டு சுற்று, என் வேகத்துக்குச் சரியாக நாற்பது நிமிஷம் பிடித்தது. எண்ணிக்கை தப்பாமல் இருக்கத் தையல் டப்பாவிலிருந்து நூற்றெட்டு பட்டன்களை எடுத்து மடியில் முடிந்துகொண்டு போவேன். சுற்றுக்கு ஒன்றாகப் படியில் வைப்பேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, கையை வீசி நடப்பேன். பூசாரி முதல் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "அம்மா, அடி மேல அடி வச்சு மெதுவாச் சுத்தணும். நீங்க சுத்துற சுத்துல விளக்கு அணைஞ்சு போகுது" என்றார். பிள்ளையாரிடம் அவசரமான காரியம் என்றேன். அதற்கப்புறம் விளக்கை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். நாற்பது நிமிஷமும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. முப்பதாம் நாள் என் ரவிக்கையை இரண்டு பக்கமும் அரை இஞ்ச் பிடித்துத் தைத்தேன். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் என்ன வேண்டுதல் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்காததுதான் வினையாகப் போயிற்று. அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். என் கணவருக்கு ஒட்டன்சத்திரத்தில் அரசாங்க வேலை. தினம் ஏழரைக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு பஸ் ஏறுவார். திண்டுக்கல்லுக்கே மாற்றல் கேட்டு மூன்று வருஷமாக மனு போட்டுக்கொண்டிருந்தார். மருமகள் சுற்றுவது அதற்குத்தான் என்று மாமியார் சொந்தபந்தம் பூராவும் சொல்லிவிட்டார்.

ஒருநாள் காலையில் நான் கோயிலிலிருந்து வியர்த்து விறுவிறுக்க வந்தபோது, அன்றைக்குச் சீக்கிரமே எழுந்திருந்த கணவர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். "எனக்காகவா செல்வி?" என்று கேட்டார். கல்யாணமான புதிதில்கூட என்னை அவர் அப்படிப் பார்த்ததில்லை. இல்லைங்க, என் இடுப்புக்காக என்று சொல்ல எந்த மனுஷிக்கு மனசு வரும்? தண்ணீரைக் குடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

நாற்பத்து நாலாம் நாள் மாற்றல் ஆர்டர் வந்துவிட்டது.

நான் கேட்கவே கேட்காததைப் பிள்ளையார் கொடுத்துவிட்டார். வீடே அழுதது. மாமியார் என் தலையைத் தடவினார். பாசமாகத் தடவுகிறார் என்று நினைத்தேன், அவர் ஜடையை இழுத்து நீளம் பார்த்தார். "நானும் ஒம் பேரைச் சொல்லி பழனிக்கு வேண்டியிருந்தேன் தாயி. ஆர்டர் வந்தா ஒனக்கு மொட்டை."

"எனக்கா?"

"எனக்கு எங்க இருக்கு? நாலு இழை. அதைக் கொடுத்தா முருகன் கோவிச்சுக்குவான். ஒனக்குத்தான் இடுப்புக்குக் கீழ தொங்குது."

என்னிடம் அழகென்று சொல்லிக்கொள்ள முடி மட்டும்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அதற்குப் பெயர் போனவள் நான். இதற்கு மேல் பொய் தாங்காது என்று, "அத்தை, அது வேண்டுதலே இல்ல, டாக்டர் நடக்கச் சொன்னாங்கன்னுதான்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு! சாமிகிட்டச் சொன்னதை மாத்திப் பேசாத. ஆர்டர் கேன்சலாயிரும்."

நான் கணவரைப் பார்த்தேன். 'எனக்காகவா செல்வி' என்று கேட்ட அதே மனிதர் கையில் இருந்த ஆர்டரைப் பார்த்தார், என் ஜடையைப் பார்த்தார், மறுபடி ஆர்டரைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "ஒரு ஆறு மாசத்துல வளந்துரும்ல?"

அந்த இடத்தில் நான் பத்திரகாளி ஆகியிருக்க வேண்டும். அன்றைய செல்வி என்ன செய்தாள் தெரியுமா? "பஸ்ஸா, வேனா?" என்று கேட்டாள்.

நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் வேனில் போனோம். மொட்டை போடும் இடத்தில் பலகையில் உட்கார்ந்தேன். முடி எடுப்பவர் என் ஜடையைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நல்ல முடிங்க. பூமுடிதானுங்களே?" என்றார். பூமுடி என்றால் நுனியில் கொஞ்சம் நறுக்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள், பெண்கள் பலரும் அப்படித்தான் கொடுப்பார்கள். எனக்கு உயிர் வந்தது. ஆமாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"முழுசா எடுங்க. முழுசாச் சொல்லித்தான் வேண்டியிருக்கு" என்று பின்னாலிருந்து மாமியார் சொன்னார். கணவர் போனில் படம் பிடித்தார். நான் சந்தனம் பூசிய தலையோடு கண்ணைத் துடைத்துக்கொள்ளும் படத்துக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தனை பேரும் கும்பிடு போட்டிருந்தார்கள். பக்தியில் கண்ணீர் விட்டேனாம்.

ஊர் திரும்பிய மறுநாள் நாலே முக்காலுக்கு எழுந்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன். மாமியார் குழாயடியில் நின்றார்.

"எங்க கெளம்பிட்ட? அதான் முடிஞ்சிருச்சுல்ல. வந்து குடத்தைப் பிடி."

ஆம், முடிந்துவிட்டது. அதோடும் போகவில்லை. முன்பெல்லாம் கேரியரோடு போனால் இருட்டும்போது வந்த கணவர், ஆபீஸ் பக்கத்திலேயே வந்துவிட்டதால் தினம் ஒரு மணிக்குச் சூடாகச் சாப்பிட வீட்டுக்கு வந்தார். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனமாவது வேண்டும். நான் வெறுங்காலோடு நாற்பத்தெட்டு நாள் சுற்றி, தலையையும் கொடுத்து வாங்கிய வரம் அதுதான். ஆறு மாதம் கழித்து டாக்டரம்மா தாளைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். ரவிக்கையைப் பிரித்து அந்த அரை இஞ்சைத் திரும்பவும் விட்டுவிட்டேன்.

நாலு வருஷமாகிறது. முடி தோளைத் தாண்டிவிட்டது. குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் கதையை மாமியார் ஒரு தடவையாவது சொல்லாமல் விடுவதில்லை. கன்னிவாடியில் இருக்கும் என் நாத்தனார் மகனுக்குக் காலேஜ் சீட்டு இழுத்துக்கொண்டே போனபோது அவள் போன் போட்டுக் கேட்டாள்: "மதினி, முடி எம்புட்டு வளந்திருக்கு?" அதிலிருந்து வீட்டில் யாருக்கு எது நடக்காவிட்டாலும் எல்லோரும் என் ஜடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். அடுத்த மாதம் கணவருடைய புரமோஷன் லிஸ்ட் வருகிறது. போன வாரம் மாமியார் தானாகவே வந்து என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்.

அலாரத்தை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். ஆனால் பழகிய உடம்பு இன்றைக்கும் நாலே முக்காலுக்கு விழித்துக்கொள்கிறது. எழுந்தால் குழாய், அடுப்பு, பிளாஸ்க். அதனால் கண்ணை மூடிக்கொண்டு, கையும் காலும் அசையாமல், தூங்குகிறவள் மாதிரி மூச்சு விட்டபடி ஐந்தரை வரைக்கும் கிடக்கிறேன். நாற்பது நிமிஷமும் எனக்கே எனக்காகக் கிடைக்கிறது. புரண்டு மட்டும் படுக்கக் கூடாது. கட்டில் லேசாக முனகினாலும் கூடத்திலிருந்து குரல் வரும்: "எந்திரிச்சிட்டியா?"