பெரிய டிரான்ஸ்பார்மருக்குக் காப்பு மாட்டிய வரலாறு

மின்சார வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் சூரியனைப் பற்றி ஒரு கோப்புகூட இல்லை என்பது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தெரிய வந்தது. அதுவரைக்கும் சூரியன் பாட்டுக்குக் கோப்பில்லாமலே உதித்து, கோப்பில்லாமலே மறைந்துகொண்டிருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இந்தக் குறையைக் கண்டுபிடித்தவள் கட்டுப்பாட்டு அறையின் பொறியாளர். அலுவலகத்தில் எல்லாருக்கும் அவள் பொறியாளரம்மா. ஊருக்கு வருகிற மின்சாரம் முழுவதும் ஊருக்கு வெளியே நிற்கிற ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இரண்டு மாடி உயரம். மாற்று கிடையாது, புதிதாகச் செய்து கொண்டுவர ஒரு வருடம் ஆகும். பத்தொன்பது வருடமாக அதன் சூட்டைப் பார்ப்பதுதான் அவள் வேலை. பெற்ற பிள்ளைக்குக்கூட அத்தனை முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டாள்.

அன்று காலை விண்வெளி ஆய்வு மையத்திலிருந்து செய்தி வந்தது. சூரியப் புயல்: சூரியன் ஒரு பெரிய பிழம்பைப் பூமி பக்கம் துப்பிவிட்டது. வியாழக்கிழமை பகலில் வந்து சேரும். அது மோதினால் பூமியின் காந்தம் ஆடும். காந்தம் ஆடினால் நீண்ட மின்கம்பிகளில் வேண்டாத மின்னோட்டம் புகும். டிரான்ஸ்பார்மர் தாங்காமல் வெந்துபோகும். செய்ய வேண்டியது இதுதான்: உச்சம் கடக்கிற வரைக்கும் ஊர் இழுக்கிற மின்சாரத்தை, அதாவது லோடை, பாதியாகக் குறைக்க வேண்டும். அதற்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். இயக்குநரின் கையெழுத்துக்குக் கோப்பு வேண்டும்.

அலுவலகக் கண்காணிப்பாளர் செய்தியை இரண்டு முறை படித்தார்.

"சூரியன் எந்தத் துறைக்குக் கீழே வருது?"

"எந்தத் துறையும் இல்லைங்க. அது வானத்துல இருக்கு."

"இருக்கட்டும். வானம் எந்தத் துறை?"

வியாழக்கிழமைக்கு இரண்டே நாள் என்று பொறியாளரம்மா நாட்காட்டியைக் காட்டினாள். கண்காணிப்பாளர் இரக்கப்பட்டுத் தானே ஒரு புதுக் கோப்பைத் திறந்து, 'பொருள்: சூரியன் – எல்லை மீறல் – தொடர்பாக' என்று எழுதி, புயல் என்ற சொல் இருந்ததால் வானிலைத் துறைக்கு அனுப்பினார். வரலாறு காணாத வேகத்தில் அன்று மாலையே பதில் வந்தது. 'காற்றும் இல்லை, மழையும் இல்லை. எனவே மேற்படி புயல், புயல் அல்ல.'

"பார்த்தீங்களா? புயலே இல்லைன்னு எழுத்துமூலமா வந்திருச்சு. இன்னும் என்ன பயம்?" என்றார் கண்காணிப்பாளர்.

புதன்கிழமை அவள் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். அவர் கவனமாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

"மனுஷனுக்கு என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சார். கம்பிக்குத்தான் ஆபத்து. அதுவும் நூறு இருநூறு கிலோமீட்டர் நீளமான கம்பி. நாம அவ்வளவு நீளம் இல்லை."

"நேத்துலேருந்தே எனக்குத் தலை பாரமா இருக்கே!"

"எனக்கும் சார்," என்றார் பின்னாலேயே வந்திருந்த கண்காணிப்பாளர்.

"சரி, அந்த வேண்டாத மின்னோட்டம் எங்கே போகும்?"

"செம்புக் கம்பி வழியா மண்ணுக்குள்ள இறங்கும் சார். அதுக்குள்ள டிரான்ஸ்பார்மரை..."

"செம்பு!" இயக்குநர் எழுந்தே விட்டார். "செம்பு இழுத்துக்கும்!"

ஒரு மணி நேரத்தில் சுற்றறிக்கை வெளியானது. வாரிய ஊழியர் அனைவரும் மறு உத்தரவு வரும்வரை வலது கையில் செப்புக் காப்பு அணிய வேண்டும். லோடைக் குறைக்கிற விஷயம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். "முதல்ல உயிர், அப்புறம்தான் லோடு," என்றார் இயக்குநர்.

அவள் வீடு திரும்பியபோது, கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கிற கணவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? வீட்டுல ஒரு பொறியாளரை வெச்சுக்கிட்டு, ஊர் வாயிலேருந்து நான் தெரிஞ்சுக்கணுமா?"

"அது சுத்தப் பொய்ங்க. காப்பு ஒண்ணும் செய்யாது."

"செய்யாட்டி போகுது. கடையில ஒரு சொம்பு மிச்சமில்லை. எல்லாத்தையும் வெட்டிக் காப்பா வளைச்சாச்சு. இவ்வளவு வருஷமா துடைச்சுத் துடைச்சு வெச்சதுக்கு இன்னைக்குத்தான் விமோசனம்."

மறுநாள் காலை ஊரே மாறிப்போயிருந்தது. தையற்காரர் தொப்பிக்குள் செப்புத் தகடு வைத்துத் தைத்தார். முடிதிருத்துபவர் 'புயல் கிராப்பு' என்று ஒன்றைக் கண்டுபிடித்து, உச்சியில் மட்டும் முடியை விட்டுவைத்தார். நாய்க்கும் கழுத்தில் செம்பு. தலை பாரமில்லை என்று சொன்னவர்களை உணர்ச்சியே இல்லாத ஜென்மங்கள் என்று ஊர் ஒதுக்கியது. ஊரில் பாதுகாப்பில்லாமல் நின்றது டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குத் துணை மின் நிலையத்து ஆபரேட்டர் போன் செய்தார். டிரான்ஸ்பார்மரை அவர் பெரியவன் என்றுதான் சொல்வார்.

"அம்மா, பெரியவன் முனகறான். வழக்கமான சத்தம் இல்லை, வயித்துவலிக்காரன் மாதிரி முனகறான். எண்ணெய்ச் சூடு ஏறிக்கிட்டே போகுது."

அவள் இயக்குநருக்குப் போன் போட்டாள். கண்காணிப்பாளர் எடுத்தார். "சார் மேடையில இருக்கார். காப்பு வழங்கும் விழா. முடியட்டும்."

"அதுக்குள்ள பெரியவன் முடிஞ்சிடுவான்!"

"அதைக் கடிதமா குடுங்க."

அவள் போனை வைத்தாள். எதிரில் வரிசையாகச் சுவிட்சுகள். பத்தொன்பது வருட வேலை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஆபரேட்டர் மறுபடி அழைத்து, போனை அந்த முனகல் பக்கமாகப் பிடித்தார். அவள் ஊரில் பாதியை அணைத்தாள்.

விழா மண்டபம் அந்தப் பாதியில் இருந்தது. ஒளிமயமான எதிர்காலம் என்பதில் 'ஒளி'யோடு இயக்குநரின் மைக் நின்றுபோனது.

மூன்று மணிக்குப் புயல் கடந்தது. பெரியவன் பிழைத்தான். பக்கத்து மாவட்டத்து டிரான்ஸ்பார்மர் கரியானது. இயக்குநர் அரசுக்கு அறிக்கை அனுப்பினார்: 'அங்கே எவரும் காப்பு அணியவில்லை என்பது கவனத்துக்குரியது.' பொறியாளரம்மாவுக்கு ஒரு குற்றக் குறிப்பாணை வந்தது.

விசாரணையில் இயக்குநரே தலைமை வகித்தார்.

"அன்னைக்கு ஏதாவது சேதம் நடந்துச்சா?"

"இல்லை சார்."

"அப்ப எதுக்குக் கரண்டை நிறுத்தினீங்க?"

"நிறுத்தினதாலதான் சேதம் நடக்கலை."

"காப்புனாலதான் நடக்கலைன்னு அறிக்கையே போயாச்சு. ஒரே சேதம் ரெண்டு காரணத்துக்காக நடக்காம இருக்க முடியுமா?"

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்குத்தான் பாராட்டு. மரம் ஏறிப் பறித்தவளுக்குக் குறிப்பாணை. இயக்குநருக்கே கொஞ்சம் மனம் இளகியது. அடுத்த புயலுக்கு டிரான்ஸ்பார்மருக்கே ஒரு பெரிய காப்பு மாட்டத் திட்டம் இருக்கிறது. அதற்கான நடைமுறையை அழகாக எழுதிக் கொடுத்தால் குறிப்பாணையை மூடிவிடலாம் என்றார்.

அவள் ஒரு நாள் முழுக்க வெள்ளைத்தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை கூசியது. மாலையில் ஏழாவது பத்தியாக இதை எழுதினாள்: 'மேற்படி காப்பு முழுப் பலன் அளிக்க வேண்டுமெனில், எச்சரிக்கை கிடைத்தவுடன், எவருடைய கையெழுத்துக்கும் காத்திராமல், லோடைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும். தவறினால் காப்பு செயலிழக்கும்.'

"குறைச்சா காப்பு நல்லா வேலை செய்யுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"பிரமாதமா வேலை செய்யும் சார்."

எந்தத் துறைக்கும் போகாமல் நாலே நிமிடத்தில் கையெழுத்தாகி, சுற்றறிக்கையாகவே வெளியானது. பெரியவனின் இடுப்பைச் சுற்றி, அவள் கணவன் கடையிலேயே செய்த ஒரு செப்புக் காப்பு ஏறியது.

அடுத்த இரண்டு வருடத்தில் மூன்று புயல்கள் வந்தன. மூன்று முறையும் லோடு குறைந்தது. மூன்று முறையும் பெரியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் காப்பைக் கும்பிட்டது. பொறியாளரம்மாவுக்குச் 'செப்புக் காப்பு நிபுணர்' என்று பட்டயம் கொடுத்தார்கள். அவள் அதைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். ஆனாலும் தூக்கம் நன்றாக வந்தது.

அப்புறம் புது இயக்குநர் வந்தார். வெளியூரில் படித்தவர், மூடநம்பிக்கை என்றால் அவருக்கு ஆகாது. வந்த முதல் வாரமே காப்பைக் கழற்றச் சொல்லி, சுற்றறிக்கை முழுவதையும் ரத்து செய்தார். ஊரும் ஒரே நாளில் விழித்துக்கொண்டது. இன்னும் காப்பு போட்டிருந்தவனைப் பட்டிக்காட்டான் என்று சிரித்தார்கள். முடிதிருத்துபவர் 'அறிவியல் கிராப்பு' வெட்டினார். அவள் கணவன் 'நான் சிந்திக்கிறேன்' என்று பொறித்த பித்தளைப் பேட்ஜ் விற்றான்.

பொறியாளரம்மா ஓடினாள்.

"சார், காப்பு பொய்தான். ஆனா ஏழாவது பத்தி நிஜம்."

"பொய்யும் நிஜமும் ஒரே சுற்றறிக்கையில எப்படிம்மா இருக்கும்?"

"நான்தான் சார் எழுதினேன்."

"ஓ, அந்த மூடநம்பிக்கையை எழுதினது நீங்கதானா?" அவர் குறித்துக்கொண்டார். "சரி, போன மூணு புயல்ல டிரான்ஸ்பார்மருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை."

"மூணு தடவை ஒண்ணும் ஆகலைன்னா ஆபத்தே இல்லைன்னுதானே அர்த்தம்? இதுதான் அறிவியல்."

யாரும் நினைத்தபடி ஊரை அணைக்கக் கூடாது என்று சுவிட்சுப் பலகைக்கு ஒரு கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது புயல் ஒரு திங்கட்கிழமை நண்பகலில் வந்தது. அவள் சாவி கேட்டாள். எச்சரிக்கை அறிவியல்பூர்வமானதா என்று ஆராய இயக்குநர் ஒரு குழு அமைத்தார். குழு காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஆபரேட்டரின் போன் வந்தது. "அம்மா, பெரியவன் கத்தறான்." அவள் நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடிக் கதவை உடைத்தாள். சுவிட்சில் கை வைப்பதற்குள் அறை விளக்கு தானாகவே அணைந்தது. ஊர் எல்லைப் பக்கம் கரும்புகை எழுந்தது. ஆபரேட்டர் ஓடித் தப்பிவிட்டார், வெகுநேரம் அழுதுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அலுவலக வாசலில் ஊர் திரண்டது. புது டிரான்ஸ்பார்மர் வர ஒரு வருடம். இயக்குநர் படியில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார். முடிதிருத்துபவர் முன்னால் வந்து, பொறியாளரம்மாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. உங்க வாயால சொல்லுங்க. காப்பு மாட்டியிருந்த வரைக்கும் பெரியவனுக்கு ஏதாவது ஆச்சா?"

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஏழாவது பத்தியிலிருந்து ஆரம்பித்து விளக்க வாயெடுத்தாள். அத்தனை முகங்களும் ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தன.

"ஆகலை, ஆனா..." என்றாள்.

'ஆனா'வைக் கேட்க அங்கே யாரும் இல்லை. ஊர் முழுவதும் அவள் கணவன் கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால், நெற்றியைப் பிடித்துக்கொண்டு, இயக்குநர் ஓடினார்.