சொல்லாததையும் சொல்பவர்

வாங்கிய பேச்சை வாங்கியபடி திருப்பிக் கொடுக்கவே தெரியாத ஓர் இனம் உலகத்தில் உண்டு. அடைக்கலம் கேட்டு வருகிறவர்களுக்குச் சம்பளமில்லாமல் மொழிபெயர்க்க வரும் தொண்டர் அந்த இனத்தின் திலகம். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். இஸ்திரி போட்ட சட்டை, பையில் மூன்று பேனா, கழுத்தில் அடையாள அட்டை. மளிகைக் கடைக்குப் போனாலும் அட்டை கழுத்தில்தான். "நமக்கு எதுக்கு சார் காசு? ஏதோ நம்மால ஆன உதவி" என்று நீங்கள் கேட்காமலே சொல்வார். நல்ல மனுஷர். தொல்லையே அதுதான்.

விசாரணை அறையில் கோப்பு அடுக்குவது என் வேலை; எல்லாக் கூத்தையும் பார்த்தவன். அதிகாரி ஒரு வரி கேட்பார். நம்மவர் அதைத் தமிழில் சொல்லி, ஏன் கேட்கிறார் என்று விளக்கி, என்ன சொன்னால் நல்லது என்று கண்ணாலேயே கோடி காட்டி, தொண்டையைக் கனைத்து முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போயிருக்கும். எதிரில் இருப்பவர் "ஆமாங்க" என்பார். அந்த "ஆமாங்க" இவர் வாய்வழியாக வெளியே வரும்போது அதற்கு முன்னுரை, முடிவுரை, ஒரு பெருமூச்சு எல்லாம் முளைத்திருக்கும். எழுதி எழுதி அதிகாரிக்கு விரல் நொந்துபோகும்.

ஒரு நாள் தையற்கார அம்மா ஒருவர் வந்தார். விண்ணப்பம் தள்ளுபடியானால், எங்கிருந்து உயிர் தப்பி வந்தாரோ அங்கேயே திரும்ப வேண்டும்.

"உங்கள் கடைக்குள் எத்தனை பேர் நுழைந்தார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியலைங்க. துணி வெட்டுற மேஜைக்கு அடியில ஒளிஞ்சிருந்தேன். செருப்புதான் தெரிஞ்சுது."

நம்மவருக்கு மனசு கேட்கவில்லை. தெரியலை என்றால் கேஸ் நிற்குமா? "பதினைந்து பேர், கையில் ஆயுதத்தோடு" என்று எடுத்துவிட்டார்.

அதிகாரி பழைய தாளைப் புரட்டினார். "முதலில் எழுதிக் கொடுத்ததில் எண்ணிக்கை தெரியாது என்றிருக்கிறதே?"

நம்மவருக்கு வியர்த்துவிட்டது. சட்டென்று அந்த அம்மா பக்கம் திரும்பி, "ஏம்மா, இப்படி மாத்தி மாத்திப் பேசலாமா?" என்றார்.

அந்த அம்மா அசரவில்லை.

"நான் எங்க மாத்தினேன், அண்ணா? ஆபீசர் முகமே மாறிப்போச்சு, நீங்க என்ன சொன்னீங்க? அளவு எடுத்தபடிதான் துணியை வெட்டணும். தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. எனக்குத் திரும்பிப் போக இடமில்ல."

நம்மவர் தலை கவிழ்ந்தது. பதினைந்து தன் கைச்சரக்கு என்று ஒப்புக்கொண்டு, மேஜையையும் செருப்பையும் உள்ளபடி சொன்னார். அதிகாரி எழுதிய வரியை அடித்துவிட்டு, எத்தனை ஜோடி செருப்பு என்று கேட்டார்.

"நாலு ஜோடிங்க. ஒண்ணுல வார் அறுந்து, சணல் வச்சுக் கட்டியிருந்தது."

ஐந்தாவது ஜோடி நம்மவர் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அறுந்த வாரின் கீழே அதிகாரி இரண்டு கோடு போட்டதை நான் பார்த்தேன்.

இரண்டு மாதத்தில் அந்த அம்மாவுக்கு அனுமதி கிடைத்தது. யாரால் என்று கேட்டால் நம்மவர் இன்றைக்கும் அடக்கமாகச் சிரிக்கிறார்.

நீங்கள் அப்படி இல்லை என்கிறீர்கள். சரி. போன வாரம் டாக்டர் உங்கள் மனைவியைப் பார்த்து "எங்கேம்மா வலிக்குது?" என்று கேட்டபோது, "இடுப்புல டாக்டர், ரொம்ப நாளா" என்று முந்திக்கொண்டது யார்? அவருக்கு வலித்தது முழங்கால்.